நாலரை மணிக்குக் கேட்ட உப்பு

எனக்கு எழுத வாசிக்கத் தெரியாது. கையெழுத்து மட்டும் போடுவேன், அதுவும் சரிந்துதான் விழும். நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள். நான் கதைக்கிற மாதிரியே எழுதினால் வாசிக்கிறவர்களுக்கு வாய் வலிக்கும் என்று சொல்லித் தன்னுடைய தமிழில் எழுதுகிறாள். ஆட்கள் பேசியதை மட்டும் பேசியபடியே எழுது என்று சொல்லியிருக்கிறேன். இடைக்கிடை, "மாமி, கதை எங்கையோ போகுது, உப்புக்கு வாங்கோ" என்று இழுப்பாள். வருவேன், வராமல் எங்கே போவது? ஆனால் முதலில் மழையைச் சொல்ல வேண்டும்.

சண்டையால் யாழ்ப்பாணத்துக்குப் பாதை பூட்டியிருந்த மாரி அது; மாரி என்று நான் சொல்வது இந்த மொன்றியல் குளிர்காலத்தை. அங்கே தங்கச்சிக்குப் போன் அடித்தால் அரை மணித்தியாலம் பாட்டுத்தான் கேட்கும். லைன் கிடைக்கிற நாளில் அவள் கேட்கிற முதல் கேள்வி, "அக்கா, அங்கை பனியோ?" என்பதுதான். அவளுக்குப் பனி என்றால் மார்கழியில் வாழை இலையில் நிற்கிற ஈரம். "தலையிலை துவாயைப் போட்டுக்கொண்டு வெளியிலை போங்கோ, நெஞ்சிலை சளி பிடிக்கும்" என்பாள். இங்கே மூக்குக்குள் இருக்கிற மயிரே விறைத்து ஊசி மாதிரிக் குத்துகிறது, அவள் துவாயைப் பற்றிச் சொல்கிறாள். நான் சிரித்துக்கொண்டு ஓமோம் என்பேன். அதைச் சொல்லி விளங்க வைக்கிறதற்குள் போன் அட்டையில் காசு முடிந்துவிடும்.

எங்கள் ஆட்கள் எந்த நாட்டில் இருந்தாலும் தங்கள் குளிர்தான் பெரிது என்பார்கள், கவனித்திருக்கிறீர்களா? லண்டனில் இருக்கிற மச்சாளுக்கு ஒரு விரல் உயரம் ஸ்னோ விழுந்தால் போதும், உலகம் முடிந்தது என்று அழுவாள். ரொறொன்ரோவில் இருக்கிற தம்பி, "உங்கடை மொன்றியல் குளிர் என்ன குளிர், இஞ்சை ஏரிக்காத்து அறுக்குது" என்பான். நோர்வேயில் இருக்கிற பெறாமகள் ஒருத்தி, அவள்தான் கெட்டிக்காரி, ஒன்றும் முறைப்பாடு சொல்லமாட்டாள். "நாங்கள் சப்பாத்துக்கு அடியிலை ஆணி பூட்டிக்கொண்டு நடப்பம், சித்தி" என்பாள். ஆணி பூட்டின சப்பாத்து! எங்கள் ஊரில் மாட்டுக்குத்தான் லாடம் அடிப்பார்கள். அதை நினைத்து நினைத்துச் சிரித்தேன்.

நாங்கள் இருந்தது பார்க் எக்ஸ்டென்ஷனில், இரண்டாம் மாடியில். இந்த ஊரில் படியை வீட்டுக்கு வெளியே வைத்துக் கட்டியிருக்கிறார்கள். ஏன் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. வெயில் நாட்டில் உள்ளே படி, குளிர் நாட்டில் வெளியே படி, இதுதான் இவர்களின் புத்தி. இரும்புப் படி, பதினேழு. மேலே சின்ன பல்கனி, அதில் இரண்டு கதவு. ஒன்று எங்களுடையது. மற்றது பக்கத்து வீட்டுக்காரியுடையது.

அவள் மன்னார்ப் பக்கம். வேதக்காரி, மாதாவைக் கும்பிடுகிறவள். என்னைவிட ஐந்து வயது குறைவு, அதனால் நான் அவளுக்கு அக்கா. புருஷன் செத்துப் பல வருடம். அந்த மனிதர் ஊரில் உப்பளத்தில் வேலை செய்தவர். ஒரே மகன், கர்க்லாண்டில் பெரிய வீடு வாங்கி வைத்துக்கொண்டு, "வாங்கோ அம்மா, வாங்கோ அம்மா" என்று தலையால் நடந்தான். இவள் அசையவில்லை. "அங்கை போய் ஆரோடை கதைக்கிறது, அக்கா? காலமை ஆறு மணிக்குக் காரிலை போகுதுகள், இரவு காரிலை வருதுகள். ரோட்டிலை மரந்தான் நிக்குது. நானும் மரத்துக்குப் பக்கத்திலை போய் நிக்கட்டோ?" என்பாள்.

அவளுக்கு அந்த வீடுதான் உயிர். இரண்டு அறை, அதில் ஒன்றில் சாமான் அடைத்து வைத்திருந்தாள். சுவரில் மாதா படம். கோயில் நடந்து போகிற தூரம், மீன்கடை நடந்து போகிற தூரம். இந்த நாட்டுக்கு வந்து, ஒருவர் வீட்டு மூலையில் படுத்து, இன்னொருவர் வீட்டு பேஸ்மென்டில் படுத்து, கடைசியில் தன் பெயரில் வாடகைக்கு எடுத்த வீடு. கதவைப் பூட்டும்போது திறப்பை இரண்டு தரம் திருப்பிப் பார்ப்பாள். நான் நையாண்டி பண்ணுவேன், "உள்ளுக்கை என்ன புதையலோ?" என்று.

"ஓம், என்ரை புதையல். உங்களுக்கென்ன, மருமோள் சமைக்கிறா" என்பாள்.

நாங்கள் இரண்டு பேரும் பகலில் ஆளில்லாத வீட்டில் இருக்கிற சனம். என் மகனும் மருமகளும் வேலைக்குப் போய்விடுவார்கள், பேத்தி கார்டெரிக்கு, சின்னப் பிள்ளைகளைப் பார்க்கிற இடத்துக்கு. பத்து மணிக்கு அவள் தேத்தண்ணீரோடு வருவாள், அல்லது நான் போவேன். பிறகு மத்தியானம் வரை வாய் மூடாது. அப்படியொரு சந்தோஷமான வாழ்க்கை, பொய் சொல்லக் கூடாது.

சரி, மழை.

அன்றைக்கு இரண்டு கிழமை கடும் குளிருக்குப் பிறகு திடீரென்று வெளியே இளகியிருந்தது. மத்தியானம் சடசடவென்று ஒரு சத்தம். கதவைத் திறந்தால் மழை! எனக்கு என்ன சந்தோஷம் என்று நினைக்கிறீர்கள்? ஊர் மாரி மழை மாதிரி நேராக விழுகிறது. குளிர் நாட்டில் மழை பெய்தால் குளிர் போய்விட்டது என்றுதானே எங்கள் தலை சொல்லும்? பக்கத்துக் கதவிலும் தட்டி, "வாரும், வந்து பாரும், மழை!" என்று கூப்பிட்டேன். இரண்டு கிழவிகளும் வாசலில் நின்று கையை நீட்டி நனைத்தோம்.

அரை மணித்தியாலத்தில் பல்கனிக் கம்பி மினுங்கத் தொடங்கியது. விழுகிற தண்ணீர் விழுந்த இடத்திலேயே கண்ணாடியாகிக்கொண்டிருந்தது. எதிர் வீட்டு மரத்தில் ஒவ்வொரு குச்சிக்கும் யாரோ கண்ணாடி உறை போட்ட மாதிரி. இதற்குத் தமிழில் ஒரு சொல் இல்லை. பேத்தி அதை வெர்க்லா என்று சொல்லித் தந்திருந்தாள், கார்டெரியில் படித்த பிரெஞ்ச். நானும் அவளும் அதை ஒரு விளையாட்டுச் சொல்லாக வைத்திருந்தோம். பார்க்க அவ்வளவு வடிவு. வடிவாக இருக்கிறது என்று நான்தான் சொன்னேன்.

மூன்று மணியளவில் மின்சாரம் ஒரு தரம் போய் வந்தது. நாலு மணி தாண்ட வெளிச்சம் மங்கிவிட்டது. இந்த ஊர் மாரியில் அதுதான் எனக்குப் பெரிய கரைச்சல். ஊரில் எந்த மாதமும் ஆறு, ஆறரைக்குத்தான் பொழுது படும். அதைப் பார்த்து விளக்கு வைப்போம். இங்கே மாரியில் நாலேகாலுக்கு இருட்டு, கோடையில் ஒன்பது மணிக்கும் வெயில். நான் மணிக்கூட்டைப் பார்க்கிறவள் இல்லை, வானத்தைப் பார்க்கிறவள். கோடையில் பேத்தி படுக்கைக்குப் போன பிறகு விளக்கு வைப்பேன், மாரியில் அவள் கார்டெரியால் வர முன்னமே வைப்பேன். அன்றைக்கும் நாலேகாலுக்கு, குசினித் தட்டில் சாமிப் படத்துக்கு முன்னால் வைத்தேன். திருநீறு பூசிக்கொண்டு நிற்கிறேன், கதவு தட்டுகிறது.

அவள்தான். கையில் ஒரு வெறும் தகரம், பால்மாப் பேணி.

"அக்கா, ஒரு பேணி உப்புத் தாங்கோ."

 விளக்கு வைத்த பிறகு உப்புக் கொடுப்பதில்லை. என் தாய் கொடுத்ததில்லை, மாமியார் கொடுத்ததில்லை. உப்பு லட்சுமி, விளக்கு எரிகிற வீட்டை விட்டுப் படி தாண்டக் கூடாது. கேட்கிறவர்களுக்கு இல்லை என்றும் சொல்லக் கூடாது. அதற்கு ஒரு வாய்ப்பாடு இருக்கிறது, அதைச் சொன்னேன்.

"நாளைக்கு விடிய வாரும், அள்ளித் தாறன்."

அவளுக்கு விளங்கிவிட்டது. சிரித்தாள்.

"அக்கா, இது கறிக்கில்லை. படியிலை ஐஸ் இளகப் போட. நான் படிக்கெண்டு வைச்சிருந்த உப்பு முடிஞ்சுது. மோன் மருமோளைக் கூட்டிக்கொண்டு ஆறு மணிக்கு வாறான். அவளுக்கு எட்டு மாசம். படியைப் பாத்தியளே, முகம் தெரியுது."

"மோனுக்குப் போன் அடிச்சு வரவேண்டாமெண்டு சொல்லுமன்."

"அடிச்சனான். வெளிக்கிட்டிட்டினம். ரோட்டிலை நிக்கினம்."

"வீட்டுச் சொந்தக்காரன் படிக்கு ஆளனுப்ப மாட்டானோ?"

"அவன் எங்கை அனுப்புறது? அக்கா, நாலரை மணி. ஊரிலை எண்டால் பள்ளிக்கூடம் விட்ட பிள்ளையள் இன்னும் ரோட்டிலை விளையாடுங்கள். உங்கடை லட்சுமிக்கு மணிக்கூடு இல்லையோ?"

நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டுதான் சொன்னேன், "லட்சுமிக்கு வானந்தான் மணிக்கூடு. விளக்கு எரியுது பாரும்" என்று.

"எங்கடை மனிசன் உப்பளத்திலை நிண்ட ஆள். ரோட்டாலை போறவனுக்கும் சாக்கோடை குடுத்த மனிசன். இரவு பகல் பாத்ததில்லை. மாதா எங்களை ஒண்டும் செய்யேல்லை."

"அது உங்கடை ஆக்கள். நாளைக்கு விடிய வாரும், அம்மா."

அவள் பேணியை மறுகைக்கு மாற்றினாள். "சரி, விடுங்கோ. கேத்திலிலை தண்ணி கொதிக்க வைச்சு ஊத்திறன்" என்று சொல்லிவிட்டுத் தன் கதவுக்குப் போனாள். நான் என் கதவைச் சாத்தினேன். உப்புப் பை குசினிக் கதவுக்குப் பின்னால்தான் இருந்தது, அரைவாசிக்கு மேல் நிறைந்து. அவள் நின்ற இடத்தில் இருந்து பார்த்தால் தெரியும்.

ஒரு விஷயம் பாருங்கள். அதே நேரத்தில் இந்த ஊரே லட்சுமியை லொறியில் ஏற்றிக்கொண்டு வந்து தெருத் தெருவாகக் கொட்டிக்கொண்டிருந்தது. மாரி முழுக்கக் கொட்டுகிறது. எங்கள் சப்பாத்தில் வெள்ளை வெள்ளையாக அதுதான் ஒட்டுகிறது, அதை மிதித்துக்கொண்டுதான் வீட்டுக்குள் வருகிறோம். அதெல்லாம் எனக்குப் பிறகுதான் ஓடி வந்தது. நினைக்கிற நேரத்தில் நினைப்பு வராது எனக்கு.

நான் என்ன செய்தேன்? நோர்வேக்காரி போன் அடித்தாள், கதைத்தேன். அங்கே அப்போது இரவு. "இஞ்சையும் ஐஸ், சித்தி, ஆணிச் சப்பாத்து வாங்கி அனுப்பட்டோ?" என்கிறாள். நான் கெக்கலித்துச் சிரித்துக்கொண்டிருக்கிறேன். அப்போது வெளியே தகரம் உருளுகிற சத்தம். படிப்படியாக, டங், டங், டங் என்று கீழே போகிறது. நான் போனில் சொன்னேன், "பக்கத்து வீட்டுக்காரி கேத்திலைப் போட்டு உடைக்கிறா" என்று. சொல்லிவிட்டு இன்னும் கதைத்தேன். எவ்வளவு நேரம் என்று கேட்காதீர்கள். ஆணி எங்கே வாங்கலாம், என்ன விலை என்று கேட்டு முடிகிற நேரம்.

போனை வைத்த பிறகு வீடு அமைதியாக இருந்தது. அவள் கேத்தில் விழுந்தால் பேசுகிற ஆள். கேத்திலுக்கும் ஏச்சு விழும், படிக்கும் ஏச்சு விழும். ஒரு சத்தமும் இல்லை. கதவைத் திறந்தேன்.

கொதிதண்ணீர் ஊற்றின முதல் நாலு படியும் தெருவிளக்கில் தண்ணீர் மாதிரியே கிடந்தன. ஆவி கூடப் போய்விட்டது. கொதிதண்ணீரும் இங்கே அவ்வளவு கெதியில் கண்ணாடியாகும் என்று எங்களில் யாருக்குத் தெரியும்? ஊரில் சுடுதண்ணீர் என்றால் எதையும் இளக்கும். அவள் படிக்குக் கீழே ஒருக்களித்துக் கிடந்தாள். ஒரு கால் வராத பக்கம் திரும்பியிருந்தது. மழை அவள் கோட்டில் விழுந்து விழுந்து அங்கேயே இறுகிக்கொண்டிருந்தது.

நான் உள்ளே ஓடினேன். அவசர இலக்கம் மூன்றும் மகன் போனில் ஒட்டி வைத்திருந்தான், அடித்து, "படி, படி, விழுந்தது" என்று தமிழிலும் இங்கிலீசிலும் கத்தினேன். விலாசம் மட்டும் பாடமாக்கித் தந்திருந்தான், அதைச் சொன்னேன். பிறகு கதவுக்குப் பின்னால் இருந்த உப்புப் பையைத் தூக்கினேன். விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது.

முதல் படியில் கால் வைத்ததும் வழுக்கியது. அப்படியே இருந்துவிட்டேன். பிறகு இருந்தபடியே, சின்னப் பிள்ளை இறங்குகிற மாதிரி, ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் அடுத்த படிக்கு உப்பு அள்ளிப் போட்டு, பிட்டத்தால் இறங்கினேன். ஒவ்வொரு படிக்கும் ஒவ்வொரு பிடி. கல்லுப்பு ஐஸில் விழுந்து மெல்ல வெடிக்கிற சத்தம் கேட்டது. கடைசிப் படிக்கு வந்தபோது பை முடிந்தது.

அவளுக்கு நினைவு இருந்தது. கண் திறந்திருந்தது. படியைப் பார்த்தாள், என் கையைப் பார்த்தாள்.

"இப்ப கொட்டுறியளே, அக்கா?" என்றாள்.

 நான் என் சால்வையைப் போர்த்தினேன். அதுவும் நனைந்து பலகை மாதிரி ஆகிவிட்டது. அம்புலன்ஸ்காரர் வந்து இறங்கும்போது அவர்களில் ஒருவரே வழுக்கி விழுந்தார். அவளைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார்கள், அவள் மகனின் கார் வந்து நிற்கிறது. அவளுடைய மருமகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கார்க் கண்ணாடிக்குள் இருந்து அழுகிறாள்.

மகன் ஓடி வந்து முதலில் படியைத்தான் பார்த்தான். "உப்புப் போட்டிருக்கே! உப்புப் போட்ட படியிலை எப்பிடி விழுந்தவா, பெரியம்மா?"

தாய் என்னை அக்கா என்பதால் அவனுக்கு நான் பெரியம்மா. மூச்சு வாங்கியது, குளிர் நடுக்கியது. "தெரியேல்லை, அப்பு" என்றேன்.

தெரியவில்லையாம். அந்த ஒரு சொல்தான். பிறகு அதைத் திருப்பி எடுக்கப் பல நாள் இருந்தது.

ஆஸ்பத்திரியில் இடுப்பு எலும்புக்கு ஆணி வைத்தார்கள். நாலாம் நாள் என் மகனோடு பார்க்கப் போனேன். அவளுடைய மகன் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றான். சமூக வேலை செய்கிற ஒரு பெண் கையில் தாள்களோடு வந்து கேள்வி கேட்க, மகன் தமிழில் மாற்றிச் சொல்கிறான்.

"அம்மா, எப்பிடி விழுந்தனீங்கள் எண்டு கேக்கிறா. உப்புப் போட்டாப் பிறகும் விழுந்தனீங்களோ எண்டு கேக்கிறா."

அவள் என்னைப் பார்த்தாள். சின்னக் கண், எப்போதும் சிரிக்கிற கண். நான் என் கைப்பையின் ஸிப்பைப் பார்த்தேன்.

"ஓம்" என்றாள் மகனிடம். "போட்டனான். கால் பாத்து வைக்கேல்லை."

அவன் அந்தப் பெண்ணுக்குப் பிரெஞ்சில் சொன்னான். அவள் எழுதினாள். வெளியே வந்ததும் என் மகன், "பாவம் அம்மா, அவவுக்குக் கால் தளந்திட்டுது போல" என்றான்.  உண்மையைச் சொன்னால் என்ன வரும்? என்னுடைய மகன், மருமகள், கோயில் சனம் எல்லாரும் கேட்பார்கள், ஒரு பேணி உப்புக்கா என்று. படிப்பறிவில்லாத கிழவி என்பார்கள். அதுதான் பயம். அவ்வளவு சின்னப் பயம்.

பிறகு அவளை நடைபழக்குகிற இடத்துக்கு மாற்றினார்கள். மாசி மாதம் முழுவதும் போய் வந்தேன். ஒரு கிழமை கம்பைப் பிடித்து நடந்தாள், அடுத்த கிழமை பிடிக்காமல். அங்கே மரத்தில் செய்த பொய்ப் படி ஒன்று வைத்திருக்கிறார்கள், ஏறி இறங்கிப் பழக. அதில் அவள் ஏறுவதை நான் பார்த்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு ஏறுகிறாள்.

"எத்தினை, அக்கா? எண்ணினனீங்களோ?"

"பன்ரண்டு."

"இன்னும் அஞ்சு. சித்திரைக்கு வீட்டை வந்திடுவன். மாதா படத்துக்குத் தூசு தட்டி வையுங்கோ."

திறப்பை என்னிடம்தான் தந்திருந்தாள். நான் போய்த் தூசு தட்டினேன், குளிர்சாதனப் பெட்டியைத் துடைத்தேன், ஜன்னலைத் திறந்து மூடினேன். பதினேழும் ஏறுவாள், வந்துவிடுவாள், பிறகு எதைச் சொல்ல வேண்டும், எல்லாம் தானாகச் சரிவரும் என்று மனசுக்குள் கணக்குப் போட்டேன்.

பங்குனியில் ஒரு நாள் அவள் பதினேழு ஏறினாள். தாதி கைதட்டினாளாம். அன்றைக்குப் பின்னேரம் மகன் வந்தான். எனக்கு முன்னால்தான் கதைத்தார்கள்.

"அம்மா, ஏறிறது வேறை. நீங்கள் உப்புப் போட்ட படியிலை விழுந்தனீங்கள். உப்பில்லாத படியெண்டால் பரவாயில்லை, ஆரும் விழுவினம். உங்களுக்கு இனி அடி வைக்கத் தெரியேல்லை எண்டுதான் அர்த்தம். ஆஸ்பத்திரியிலை அவையும் அதைத்தான் எழுதியிருக்கினம். நான் உங்களைத் தனிய விடமாட்டன்."

"கர்க்லாண்டுக்கோ?"

"எங்கடை வீடும் படிதானே, அம்மா. படுக்கிற அறையெல்லாம் மேலை. நாங்கள் ரெண்டு பேரும் வேலைக்கு, பிள்ளை கைக்குழந்தை. சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவிலை வயசு போனாக்களைப் பாக்கிற ஒரு இடம் பாத்திருக்கிறன். நல்ல இடம், தண்ணிக்கரை. எங்களுக்குக் கிட்ட."

அவள் தகப்பன் பெயரைச் சொல்லி அழுதாள். கிழவிகள் தகப்பன் பெயரைச் சொல்லி அழுதால் அதற்கு மேல் போக வழியில்லை என்று அர்த்தம். அழுதுகொண்டு ஒரு தரம் என் பக்கம் திரும்பினாள். அவன் முதுகை எனக்குக் காட்டிக்கொண்டு நின்றான். அப்போது சொல்லியிருக்கலாம். "தம்பி, படியிலை உப்பு இருக்கேல்லை, நான்தான் அவ விழுந்த பேந்து போட்டனான், உன்ரை அம்மாவின்ரை காலிலை பிழையில்லை." இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. வாய் ஓயாத எனக்கு இவ்வளவு வரவில்லை. "கடவுள் பாப்பார், அழாதையும்" என்றேன். என் கடவுளா, அவள் கடவுளா, அதுகூடத் தெரியாமல்.

மருமகள் இந்த இடத்தில் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறாள். எழுது, பிள்ளை.

வைகாசியில் அவன் வீட்டைக் காலி பண்ண வந்தான். ஸ்னோ எல்லாம் போய், கீழ் வீட்டுக் கிரேக்கக் கிழவர் திராட்சைக் கொடிக்குப் பந்தல் கட்டிக்கொண்டிருந்தார். ஊரே மேலங்கியைக் கழற்றி எறிந்துவிட்டுச் சிரித்துக்கொண்டு திரிகிற நேரம். மொன்றியல் சனம் வெயில் வந்த முதல் கிழமை பைத்தியம் பிடித்த மாதிரித்தான் இருக்கும், பார்க்க நன்றாக இருக்கும். அவன் பெட்டி பெட்டியாக இறக்கினான். மாதா படத்தைப் பழைய சாரியில் சுற்றிக்கொண்டு வந்தபோது நான் பல்கனியில் வழியை மறித்து நின்றேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். விளக்கு, பேணி, கேத்தில், போன், உப்பு. அவன் படத்தைக் கம்பியில் சாய்த்து வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான். படித்த பிள்ளை, பெரிய கம்பனியில் வேலை. கத்தவில்லை.

"அப்ப அம்மா விழேக்கை படியிலை ஒண்டும் இல்லை."

"இல்லை, அப்பு."

"சுடுதண்ணி மட்டும்."

"ஓம்."

"பெரியம்மா, பங்குனியிலை உங்களுக்கு முன்னாலைதானே கதைச்சனான்."

"ஓம், அப்பு."

"வீடு குடுத்தாச்சு. கையெழுத்து வைச்சாச்சு. பஞ்சாபிச் சனம், வாற மாசம் வருகினம். பார்க் எக்ஸிலை படியில்லாத வீடு இப்ப எங்கை தேடுவன்? அவவின்ரை இடத்துக்கும் எழுதிக் குடுத்தாச்சு, விட்டால் திரும்பக் கிடைக்காது." படத்தைத் தூக்கினான். நான் மறுபக்கம் பிடிக்கப் போனேன். "வேண்டாம், விடுங்கோ" என்றான். அது கோபமா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. மிகவும் மரியாதையாகத்தான் சொன்னான்.

சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ இந்த மொன்றியல் தீவின் மற்றத் தொங்கல், மறுகோடி. மெட்ரோ, பிறகு ஒரு பஸ், பிறகு இன்னொரு பஸ். எனக்கு இலக்கம் தெரியும், எழுத்துத் தெரியாது. பஸ்காரரிடம் மகன் எழுதித் தந்த துண்டைக் காட்டுவேன், அவர் "பொன்ஜூர் மடாம்" என்று சொல்லித் தலையாட்டுவார். ஒன்றரை மணித்தியாலம். ஆனியில் முதல் தரம் போனேன். போகும் வழியெல்லாம் பச்சை, தண்ணீர், வள்ளங்கள். எவ்வளவு வடிவான இடம்! மாரியில் அந்தத் தண்ணீர்ப் பக்கத்துக் காற்று ஆளையே தூக்கும் என்றார்கள், எங்கள் பக்கத்துக் குளிரெல்லாம் ஒன்றுமில்லையாம்.

அவள் ஒரு கதிரையில் ஜன்னலுக்குப் பக்கத்தில் இருந்தாள். மெலிந்திருந்தாள். அந்த வீட்டில் தமிழ் கதைக்கிறவர் ஒருவரும் இல்லை. பக்கத்துக் கட்டில் வெள்ளைக்காரக் கிழவி ஒருத்தி பிரெஞ்சில் தனக்குத் தானே எண்ணிக்கொண்டிருந்தாள். நான் கொண்டுபோன புட்டையும் மீன்குழம்பையும் மேசையில் வைத்தேன். கோயில் கதை, மீன்கடைக் கதை, பேத்தி பல் விழுந்த கதை எல்லாம் சொன்னேன். அவளும் கேட்டாள், இடையில் சிரித்தாள் கூட. பிறகு எனக்குக் கதை முடிந்துவிட்டது. வாழ்க்கையில் எனக்குக் கதை முடிந்தது அந்த ஒரு நாள்தான்.

"மோன் சொன்னவன், அக்கா" என்றாள்.

"ஓம்."

"எங்கடை அம்மாவும் விளக்கு வைச்சால் உப்புக் குடுக்கமாட்டா. வேதத்திலை சேர்ந்தும் அது மட்டும் விடேல்லை. அதாலை உப்புக்கு உங்களோடை எனக்குக் கோவமில்லை."

நான் அவள் காலடியில் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஆஸ்பத்திரியிலை அண்டைக்கு, நீங்களே சொல்லுவியள் எண்டு பாத்தனான். நான் சொன்னால் உங்களைக் காட்டிக் குடுத்த மாதிரி. நீங்கள் சொல்லுவியள் எண்டுதான் ஓம் எண்டனான். பேந்து பங்குனியிலையும் பாத்தனான்."

"எனக்குப் பயமாயிருந்தது, தங்கச்சி. சனம் என்ன நினைக்கும் எண்டு."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பினாள். வெளியே வெயிலில் பிள்ளைகள் வள்ளம் தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

"எனக்கும் பயமாத்தான் இருந்தது, அக்கா" என்றாள். "இஞ்சை கொண்டு வந்து விட்டிடுவினமெண்டு."

பிறகு ஒரு பெண் தட்டில் சாப்பாடு கொண்டு வந்து வைத்தாள், நான் புட்டைத் திருப்பிப் பைக்குள் வைக்க வேண்டியதாயிற்று. அங்கே வெளிச் சாப்பாடு கொடுக்க அனுமதியில்லையாம்.